உடன்கற்றோர்: வட்டுக்கோட்டைச் செமினரியின் விடுதி வாழ்வு (1823–1855)

ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைக்கத் தகுந்தோர் யாவர் என வகுத்துக் கூறிய பவணந்தி முனிவர், நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு கற்றோன், அவன் மாணாக்கன், உரைகாரன் என நால்வரைச் சுட்டினார். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியருக்கு ஒருசாலை மாணாக்கர் என்பது உரையாசிரியர்கள் போற்றி வந்த மரபு. ஆசிரியனுக்கு அடுத்த நிலையில் உடன்கற்றோனை வைத்து எண்ணிய இம்மரபு ஆழ்ந்த பொருளுடையது. ஒருவன் கற்றதையும் கல்லாததையும், அவன் மனம் எவ்விடத்தில் தடுமாறிற்று, எவ்விடத்தில் தெளிந்தது என்பதையும் ஆசிரியனைக் காட்டிலும் அணுக்கமாக அறிந்தவன் உடன்கற்றோனே.

ஆயினும் தமிழர் கல்வி வரலாற்றை எழுதியோர் ஆசிரிய மாணாக்கர் உறவைப் பேசிய அளவுக்கு உடன்கற்றோர் உறவைப் பேசினாரல்லர். குருவின் இல்லத்திலோ திண்ணையிலோ மடத்திலோ கற்ற மாணாக்கனின் நினைவில் நடுநாயகமாக நின்றவர் குருவே. பல ஊர்களிலிருந்து வந்த இளைஞர் நூறு பேர் ஆண்டுக்கணக்கில் ஒரே வளவில் உண்டு, உறங்கி, கற்று வளரும் கல்லூரி விடுதி என்பது தமிழ் மண்ணுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த புதிய அமைப்பு. அவ்வமைப்பின் தொடக்ககால வடிவங்களுள் முதன்மையானது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரி. 1823 முதல் 1855 வரை முப்பத்திரண்டு ஆண்டுகளே அது நிலைத்தது. சமயம் பரப்புதற்கெனத் தோன்றிய அவ்வில்லம், நிறுவியோர் கருதாத வேறொரு பயனைத் தமிழுக்கு நல்கியது. அதனை நல்கியவர்கள் அங்கு உடனுறைந்து கற்ற மாணவர்களே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் சூழலும்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த தானியேல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன் ஆகியோர் 1816-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். ஆங்கிலேய அரசு அவர்களை யாழ்ப்பாணக் குடாநாட்டளவில் நிறுத்திக்கொண்டது. தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்களாயின. வட்டுக்கோட்டையில் அவர்களுக்குக் கிடைத்தது, போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றி 1678-இல் ஒல்லாந்தரால் புதுக்கப்பட்டு, பின்னர்க் கூரையிழந்து பாழ்பட்டுக் கிடந்த பழைய தேவாலயமும் அதனைச் சார்ந்த கட்டிடமும் ஆகும்.

ஊர்தோறும் அவர்கள் திறந்த பகற்பள்ளிகளில் பிள்ளைகள் வந்து படித்தனர்; மாலையில் வீடு திரும்பினர். பகலில் பள்ளி புகட்டியதை இரவில் வீடு அழித்துவிடுகிறது என்பது மிஷனரிமாரின் குறையாக இருந்தது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துத் தம் வளவிலேயே வளர்த்தாலன்றித் தம் கருத்து நிறைவேறாது என அவர்கள் துணிந்தனர். இவ்வாறு முதலில் விடுதிப் பள்ளிகளும், அவற்றிலிருந்து தேர்ந்த மாணவரைக் கொண்டு 1823-இல் வட்டுக்கோட்டைக் கலாசாலையும் உருவாயின. விடுதி என்னும் அமைப்பே பிள்ளையைத் தன் சுற்றத்திலிருந்து வேறாக்கும் கருவியாகவே எண்ணப்பட்டது என்பதை மறத்தலாகாது. பின்னர் நிகழ்ந்தவற்றின் சுவை இந்நோக்கத்தை நினைவில் வைத்துக் காணும்போதுதான் புலப்படும்.

முதல் தலைவர் பூவர் 1811-இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றவர். நியூ இங்கிலாந்து நாட்டுப்புறத்துச் சிறு கல்லூரிகளே அவர் கண்முன் இருந்த மாதிரி. நகரத்தின் ஆரவாரத்திற்கு அப்பால், ஆசிரியரும் மாணவரும் அடுத்தடுத்து வாழும் சிற்றில்லம் அது. அவ்வாறானதொரு முழுக் கல்லூரியை யாழ்ப்பாணத்தில் அமைக்க 1823-இல் திட்டம் வெளியிடப்பட்டது. ஆங்கிலத்தை முதலாவதாகக் குறித்த அத்திட்டம், தமிழ் இலக்கியத்தை வளர்த்தலை இரண்டாவது நோக்கமாகக் கொண்டிருந்தது. அமெரிக்கர் கல்லூரி நிறுவுதற்கு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இசையாமையால் அது கல்லூரி என்னும் பெயரைச் சூட்டிக்கொள்ள இயலவில்லை. முதலில் மத்திய பாடசாலை என்றும், 1827 முதல் செமினரி என்றும் வழங்கலாயிற்று. பெயர் சுருங்கினும் கல்வி சுருங்கவில்லை. இலங்கை அரசின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1850-இல் வெளியிட்ட தம் நூலில், இக்கலாசாலை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்னும் கருத்துப்பட எழுதினார்.

குசினியும் சாதியும்

விடுதி வாழ்வின் முதற் சிக்கல் நூலில் எழவில்லை, சோற்றில் எழுந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், அவற்றுள்ளும் வேளாளக் குடும்பங்கள், தம் பிள்ளை ஆங்கிலம் கற்பதை விரும்பின; அப்பிள்ளை மிஷனரியின் வளவில் சமைத்த உணவை உண்பதை விரும்பவில்லை. எழுத்து தீட்டுத் தராது. சோறும் தண்ணீரும் தீட்டுத் தரும் என்பது அக்காலத்து நம்பிக்கை. எனவே மிஷனின் முதல் விடுதிப் பள்ளிகளில் குசினியை வளவுக்கு வெளியே அமைக்க நேர்ந்தது. வேளாளரே சமையற்காரராக அமர்த்தப்பட்டனர். பிள்ளைகள் உள்ளே படித்து, வெளியே சென்று உண்டு, மீண்டும் உள்ளே வந்தனர்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் இவ்வெல்லையைக் கடந்து சென்றான். அவன் கற்ற வானநூல் பூமியை ஓர் உருண்டை என்றது. அவன் உண்ட பந்தி பூமியைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து வைத்திருந்தது. இரண்டையும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ள அவன் பழகவேண்டியிருந்தது. காலப்போக்கில் குசினி வளவுக்குள் வந்தது, பந்தி ஒன்றாயிற்று. ஆண்டுக்கணக்கில் அடுத்தடுத்து அமர்ந்து உண்ட பழக்கம் ஓரளவு தன் வேலையைச் செய்தது.

ஆயினும் அப்பந்தியின் அளவை மிகைப்படுத்தலாகாது. செமினரி மாணவருள் மிகப் பெரும்பாலோர் வேளாளர். ஒன்றாயிற்று என்று போற்றப்படும் பந்தியில் அமர வழியில்லாதோரே குடாநாட்டில் மிகுதி. குடாநாட்டின் அடிநிலை மக்களுக்கு எழுத்தின் கதவு பிற்காலத்தில்தான், அதுவும் பெரும் போராட்டத்தின் பின்னரே திறந்தது. வட்டுக்கோட்டையின் பெருமையைப் பாடுவோர் இக்குறையையும் சேர்த்தே பாடவேண்டும். உடன்கற்றோர் என்னும் சொல்லின் விரிவு, உடன்கற்க ஒப்பப்பட்டோர் யார் என்பதைப் பொறுத்தது.

இரு பெயர்கள்

விடுதியில் சேர்ந்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலுள்ள அன்பர்கள் ஏற்றனர். பொருள் கொடுத்தவர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டலாம் என்பது வழக்கமாயிருந்தது. கடல் கடந்த நாட்டில் மறைந்த குருமார், கல்விமான்கள், உறவினர் ஆகியோரின் பெயர்கள் யாழ்ப்பாணத்துச் சிறுவர் மீது இவ்வாறு வந்து அமர்ந்தன. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என இன்று இலக்கிய வரலாறு வழங்கும் பெயர்கள் அனைத்தும் அவ்விடுதியின் சேர்க்கைப் பதிவேட்டை நினைவூட்டுவன.

பெயர் மாற்றம் சிறு செய்தியன்று. தாய் தந்தையர் வைத்த பெயர் குலதெய்வத்தையோ பாட்டனையோ நினைவுகூர்வது. அதனை அகற்றி வேறு பெயரிடுதல் அந்நினைவை அறுத்தலாகும். மிஷன் அதனை மறுபிறப்பு எனக் கருதியிருக்கலாம். பெற்றோர் அதனை இழப்பு எனவே உணர்ந்திருப்பர். ஆனால் மாணவர் செய்தது இரண்டுக்கும் இடைப்பட்டது. அவர்கள் புதிய பெயரை உதறவில்லை. பழைய பெயரைக் கைவிடவும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தித் தம் நூல்களின் முகப்பில் பதித்தனர். கறல் என்பதற்குப் பின் விசுவநாதன் வந்தமர்ந்தபோது, விடுதியும் வீடும் ஒரே வரியில் ஒன்றையொன்று நோக்கி நின்றன.

ஒரு குடும்பத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். சிறுப்பிட்டி வைரவநாதருக்கு மிஷன் தொடர்பால் வாய்த்த பெயர் சைரஸ் கிங்ஸ்பரி. அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரிடையே பணியாற்றிய மிஷனரி ஒருவர் தாங்கிய பெயரும் அதுவே. அவர் மகனே பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை, கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து சைவராக வாழ்ந்தவர். அவருடைய மகன் அழகசுந்தரம் மீண்டும் கிறித்தவம் தழுவிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். ஆயினும் அவர் ஜி. ஈ. பிலிப்ஸ் என்பாரோடு இணைந்து 1921-இல் வெளியிட்ட ஆங்கில நூல் சைவ நாயன்மார் பாடல்களின் மொழிபெயர்ப்பே. மூன்று தலைமுறையாக ஒரு பெயர் போயும் வந்தும் நின்றது. தமிழ் மட்டும் அக்குடும்பத்தை விட்டு அகலவில்லை.

இரு மொழிகள்

செமினரியில் அறிவியல், கணிதம், தத்துவம் ஆகியவை ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அதே கூரையின் கீழ் நன்னூலும் திருக்குறளும் பாடமாயின. ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தைத் தமக்குள் தமிழில் விளக்கிக்கொள்ள வேண்டிய தேவை மாணவர்க்கு நாள்தோறும் இருந்தது. வகுப்பறையில் ஆசிரியர் சொல்லாது விட்ட தமிழ்ச்சொல்லை விடுதிப் பேச்சு தேடியாக வேண்டும். அறிவியல் தமிழின் தொடக்கத்தை அச்சகத்தில் மட்டும் தேடுவோர் இவ்விடத்தையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்க மிஷனின் சூழலில் 1850-இல் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் நியாய இலக்கணமும், 1855-இல் கறல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதமும் தோன்றின. தருக்கத்தையும் அட்சரகணிதத்தையும் தமிழில் எழுத முன்வந்த இவ்விருவரும் அவ்விடுதியின் மாணவரே.

வானநூல் அங்குத் தனிச்சிறப்புப் பெற்றது. 1829-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் குறித்து உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதரான விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கும் பூவரின் கணக்கும் வேறுபட்டன. கிரகணம் பூவரின் கணக்கை ஒட்டி நிகழ்ந்தது. மிஷனரிமார் இதனைத் தம் வெற்றியாகக் கொண்டாடினர். ஆனால் அச்செய்தி அத்துடன் முடியவில்லை. பூவர் மதுரைக்குச் சென்றபின் தலைமையேற்ற ஹென்றி ஹொய்சிங்டன், தமிழரின் வானநூற் கணிதத்தையே முறையாக ஆராய்ந்து 1848-இல் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் நூலாக வெளியிட்டார். தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றை அவர் ஆங்கிலப்படுத்தியமை 1854-இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. மறுப்பதற்காகக் கற்கத் தொடங்கியவர் மதிப்பதற்காகக் கற்கும் நிலையை அடைந்தார். தமிழ் மாணவரோடும் தமிழாசிரியரோடும் ஒரே வளவில் வாழ்ந்ததன் பயன் ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை எனலாம்.

விடுதியிலிருந்து இதழும் ஏடும்

செமினரியில் ஒரு காலத்தில் பயின்றோர் தொகை நூறு என்னும் அளவைச் சுற்றியே நின்றது. அனைவரும் அனைவரையும் அறியும் அளவு அது. இச்சிறுமையே அதன் வலிமை. 1841 சனவரி 7-இல் உதயதாரகை என்னும் இருமொழி இதழ் தொடங்கப்பட்டபோது, அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினரியின் பழைய மாணவர்கள். விடுதியில் தொடங்கிய பேச்சு அச்சில் தொடர்ந்தது. அறிவியற் செய்தியும் இலக்கண விவாதமும் சமயக் கண்டனமும் ஒரே தாளில் இடம்பெற்றன. பின்னாளில் அவ்விதழை நடத்திய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, 1886-இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். நானூற்றுக்கு மேற்பட்ட புலவரை ஒரு நூலில் ஒருங்கு திரட்டிய அம்முயற்சி, தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களுக்கு முன்னோடிகளுள் ஒன்று.

தாமோதரம்பிள்ளை 1844 முதல் 1852 வரை அங்குப் பயின்றார். செமினரிக் கல்வியோடு, சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் மரபு முறையில் இலக்கண இலக்கியமும் கற்றார். திண்ணையும் விடுதியும் அவரிடம் சந்தித்தன. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பட்டத் தேர்வில் தேறியோர் இருவர்: தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். ஒருவர் மற்றவரினும் பன்னிரண்டாண்டு மூத்தவர். அதே விடுதியின் முந்திய தலைமுறையைச் சேர்ந்தவர். சென்னைக்கு வந்த அவ்விருவரும் வட்டுக்கோட்டை வழியாகவே வந்தனர் என்பது நினைவிற்குரியது.

வீரசோழியம் 1881-இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இலும், கலித்தொகை 1887-இலும் தாமோதரம்பிள்ளையால் அச்சேறின. சிதைந்த ஏடுகள் பலவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஐயத்தை ஐயமாகவே கூறி, படிப்போரிடம் திருத்தம் வேண்டும் பதிப்பு நெறி அவருடையது. ஒரு கருத்தை நால்வர் நடுவே வைத்துப் பேசித் தெளியும் பழக்கமுடையோர்க்கே இப்பணிவு எளிதில் வாய்க்கும். அவருடைய பதிப்புரைகளைப் படிப்போர், அவை ஆசிரியர் மாணவர்க்குக் கூறும் குரலில் அல்லாது, உடன்கற்போர்க்குக் கூறும் குரலில் அமைந்திருப்பதை உணர்வர்.

கருத்து மாற்றமும் அவ்வில்லத்தோரிடம் மறைவின்றி நிகழ்ந்தது. சைவத்தைக் கண்டித்துச் சுப்பிரதீபம் எழுதிய விசுவநாதபிள்ளையே பின்னர்ச் சைவத்திற்குத் திரும்பினார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாகப் பின்னாளில் வளர்ந்த பள்ளியைத் தொடங்கியவர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. தாமோதரம்பிள்ளை ஏழாலையில் சைவப் பாடசாலை நிறுவினார். வீட்டிலிருந்து பிரிப்பதற்காக அமைக்கப்பட்ட விடுதி, வீட்டைப் புதிய கண்ணோடு நோக்கும் ஆற்றலைத் தன் பிள்ளைகட்குத் தந்துவிட்டது.

உடுவில்

செமினரிக்கு ஓராண்டு பிந்தி, 1824-இல், ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்தறிவித்தல் தகாது எனக் கருதிய சமூகத்தில், பெண் பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே தங்கிக் கற்றல் பெரும் புரட்சியாகும். அங்குக் கற்று முடித்துக் கிறித்தவரை மணந்த பெண்களுக்குத் தொடக்கக் காலத்தில் மிஷனே சீதனமும் அளித்தது. செமினரி மாணவர் பலர்க்கு உடுவில் மாணவியர் வாழ்க்கைத் துணைவியராயினர். எனினும் செமினரி ஆடவர் இதழாசிரியராகவும் பதிப்பாசிரியராகவும் வரலாற்றில் நிலைபெற, உடன்காலத்தில் கற்ற உடுவில் பெண்களின் பெயர்கள் நூல்முகப்பில் இடம்பெறவில்லை. அவர்கள் தம் பிள்ளைகட்கு எழுத்தறிவித்தார்கள். அடுத்த தலைமுறையின் முதல் ஆசிரியர்கள் அவர்களே. பாயிரம் பெறாத நூலாசிரியர்கள் என அவர்களைக் கூறுதல் பொருந்தும்.

மூடப்பட்ட கதவு

1855-ஆம் ஆண்டு செமினரிக்கு இருமுறை இருள் சூழ்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பூவர் மானிப்பாயில் வாந்திபேதிக்கு இரையானார். அதே ஆண்டில், அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் மேற்கொண்ட ஆய்வுப் பயணத்தின் விளைவாகச் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மாணவரை அரசுப் பணிக்கு இட்டுச் செல்கிறது; ஊழியத்திற்கு வருவோர் குறைகின்றனர்; செலவோ பெரிது; தாய்மொழிக் கல்வியே மிஷனின் பணிக்குப் போதும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். தாய்மொழியின் பெயரால் மூடப்பட்ட அவ்விடமே தாய்மொழிக்கு உழைத்தோரை உருவாக்கியது என்பது வரலாற்றின் முரண்.

நிறுவியோரின் கணக்கில் அது குறைவுற்ற முயற்சி. எத்தனை பேர் ஊழியராயினர் என்பதே அவர்கள் கையிலிருந்த அளவுகோல். அவ்வளவுகோலில் தாமோதரம்பிள்ளைக்கு இடமில்லை, வீசகணிதத்திற்கும் இடமில்லை. ஒரு விடுதியின் பயனை அதன் விதிநூலைக் கொண்டு அளந்தால் இத்தகைய பிழையே நேரும். பழைய மாணவர்களின் மனத்திலோ அது மூடப்படவில்லை. தம் ஊரில் மீண்டும் ஓர் உயர்கல்லூரி வேண்டும் என அவர்கள் தொடர்ந்து வேண்டினர். 1872-இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. திறக்கவேண்டும் என்னும் விருப்பத்தைப் பதினேழாண்டு காத்தோர் அங்கு ஒருகாலத்தில் உடனுறைந்தோர்.

நிறைவாக

வட்டுக்கோட்டை விடுதியைக் குற்றமற்ற பொற்காலமாகக் காட்டுதல் வரலாறாகாது. அது பிள்ளையின் பெயரை மாற்றியது. சாதியின் சுவரில் ஒரு பலகணியைத் திறந்ததேயன்றிச் சுவரை இடிக்கவில்லை. பெண்களைத் தனியிடத்தில் கற்பித்து மௌனத்தில் விட்டது. இவ்வளவும் உண்மை. இவற்றோடு, அங்கு வாழ்ந்த இளைஞர் தமக்கு அளிக்கப்பட்டதைப் பிறர் வகுத்த நோக்கத்திற்கே பயன்படுத்தவில்லை என்பதும் உண்மை. அவர்கள் ஒருவரையொருவர் கற்றனர். ஆங்கிலத்தில் பெற்றதைத் தமிழில் கொடுத்தனர். ஒரு சமயத்தைத் தழுவியோரும் துறந்தோரும் திரும்பியோரும் ஒரே மொழிக்கு உழைத்தனர்.

கல்விக்கூடங்கள் பெருத்து, விடுதிகள் படுக்கை எண்ணிக்கையால் அறியப்படும் காலத்தில், சிறிய இல்லம் ஒன்றின் வரலாறு நினைக்கத்தக்கது. இலக்கிய வட்டம் என்பதும் ஒருவகையில் ஒருசாலையே. ஒருவர் பாட, மற்றவர் கேட்டு, ஐயுற்று, திருத்தி, பாராட்டும் அவை பத்தாண்டு நிலைத்தல் அரிது. அவ்வாறு நிலைத்த அவையில் எழுதப்படும் ஒவ்வொரு நூலுக்கும் உடன்கற்றோன் ஒருவன் பாயிரம் உரைக்கக் காத்திருப்பான். அவ்வவையில் இன்னும் இடம் பெறாதோர் யார் என்னும் வினாவையும் அவனே முதலில் எழுப்புதல் வேண்டும். வளவுக்கு வெளியே நின்ற குசினி நமக்கு விட்டுச் சென்ற பாடம் அது.